99 தாங்கிகளும் ஒரு அடிக்குறிப்பும்

சீனன்குடாப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தத் தாங்கிகளைத் தெரியும். காட்டுக்குள்ளே, கொடி படர்ந்து, துரு ஏறி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நிற்கும் பெரிய இரும்பு எண்ணெய்த் தாங்கிகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானம் தாங்கியொன்றின் மேலேயே வந்து விழுந்தது. இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் கொள்ளும். 2022 ஜனவரியில் இந்தத் தாங்கிகளைப் பற்றி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது எது யாருக்கு என்று ஒன்று விடாமல் பிரித்தார்கள். இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்து நடத்தும் கம்பனிக்கு 61. கூட்டிப் பாருங்கள், சரியாக 99 வரும். காடு மூடிக் கிடந்தவற்றையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இப்ப வேற ஒரு கணக்கைக் கேட்போம். இதே மாவட்டத்தின் சனத்தை எப்போது எண்ணினார்கள்?

1981 மார்ச்சில் நாடு முழுக்க ஒரு குடிசன மதிப்பு நடந்தது. அப்போது திருகோணமலை மாவட்டத்தில் இருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல். பத்து வருடத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டும் என்பதுதான் வழக்கம். ஆனால் 1991இல் போரால் நாட்டில் எங்குமே எண்ணவில்லை. 2001இல் எண்ணினார்கள். 25 மாவட்டங்களில் 18இல் மட்டும்தான் அது முழுமையாக நடந்தது. மிச்சம் ஏழில் திருகோணமலையும் ஒன்று. 2007இல் இங்கே தனியாக ஒரு சிறப்புக் கணக்கெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் நாட்டின் மற்ற மாவட்டங்களோடு சேர்ந்து, ஒரே நாளை வைத்து, ஒரே படிவத்தில் நாங்கள் முழுமையாக எண்ணப்பட்டது 2012 மார்ச்சில்தான். இடையில் 31 வருடங்கள்.

அம்மம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எண்ணுறதுக்கு நாங்க ஒரு இடத்தில நிண்டாத்தானே" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. ஒரு நாட்டின் செழிப்பைக் காசால் மட்டும் அளக்க முடியாது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நாங்களும் சொல்கிறோம். ஆனால் அந்த யோசனை உலகத்துக்குப் போன கதையில் இலங்கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதும், அந்தக் கதையில் திருகோணமலை எங்கே நின்றது என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

முதலில் காசுக் கணக்கு

நாட்டின் உற்பத்தியை ஒரே எண்ணாகக் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவ்வளவு பழையது அல்ல. 1930களில் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தது. வீழ்ச்சி எவ்வளவு பெரியது என்று சொல்வதற்கே அரசிடம் ஒழுங்கான கணக்கு இல்லை. சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியலாளர் அந்தக் கணக்கைப் போட்டு 1934இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். மொத்த உள்நாட்டு உற்பத்தி என்று இன்று நாம் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. அதே அறிக்கையில் அவர் ஒரு எச்சரிக்கையும் எழுதியிருந்தார்: தேசிய வருமானத்தின் அளவை வைத்து ஒரு நாட்டின் நலனை ஊகித்துவிட முடியாது. எண்ணை உலகம் எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளை எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் வரிசைப்படுத்தினார்கள். அந்த வரிசையில் இலங்கை ஒரு ஏழை நாடு. தேயிலை, இறப்பர், தேங்காய், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வரிசையில் தெரியாத சில வேலைகள் இங்கே நடந்திருந்தன. 1931இலேயே ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. கூப்பன் அரிசி இருந்தது. 1953இல் அரிசி மானியத்தை வெட்டியபோது ஹர்த்தால் வெடித்துப் பிரதமரே பதவி விலக வேண்டி வந்தது என்பதை வைத்து அந்த அரிசி சனத்துக்கு என்னவாக இருந்தது என்று விளங்கிக்கொள்ளலாம். 1940களின் நடுவில் மலேரியாவுக்கு மருந்து அடிக்கத் தொடங்கினார்கள். 1946இல் ஆயிரம் பேருக்கு 20 என்று இருந்த இறப்பு வீதம் அடுத்த வருடமே 14 ஆகக் குறைந்தது. அதற்கு மலேரியா ஒழிப்பு மட்டும்தான் காரணமா, உணவும் வைத்தியமும் சேர்ந்து காரணமா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். குறைந்தது என்பதில் வாதம் இல்லை.

கேள்விக்குள்ளான வரிசை

1970களின் கடைசியில் மொரிஸ் டேவிட் மொரிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு புது அளவுகோலை முன்வைத்தார். பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டி என்று அதற்குப் பெயர். அதில் காசு கிடையாது. மூன்றே கேள்விகள்தான். பிறந்த குழந்தைகளில் எத்தனை ஒரு வயதுக்கு முன் சாகின்றன? ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை எத்தனை வருடம் வாழும் என்று எதிர்பார்க்கலாம்? எத்தனை பேருக்கு எழுத வாசிக்கத் தெரியும்? மூன்றையும் சேர்த்து நூற்றுக்குப் புள்ளி போட்டார்கள்.

இலங்கைக்குக் கிடைத்தது 82. அதே காலத்தில் இந்தியாவுக்கு நாற்பதுகளில்தான் புள்ளி. நம்மைவிடப் பல மடங்கு காசு வைத்திருந்த எண்ணெய் நாடுகள் சிலவும் நமக்குக் கீழே நின்றன. கேரளத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது அதுவும் இந்தியச் சராசரியைவிட வெகு மேலே இருந்தது. ஏழை நாடாக இருந்துகொண்டே நன்றாக வாழ முடியும் என்பதற்கு உலகம் காட்டிய முதல் உதாரணங்களில் ஒன்று இலங்கை. அமர்த்தியா சென் 1980களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில் இலங்கை திரும்பத் திரும்ப வந்தது. அரசு பொதுச் செலவு செய்தால் வருமானம் ஏறும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அவர் சொன்னது. அதை மறுத்தும் எழுதினார்கள். பெரிய விவாதமே நடந்தது.

பாகிஸ்தானின் மஹ்பூப் உல் ஹக், சென் உட்படப் பலரைச் சேர்த்துக்கொண்டு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்துக்காக 1990இல் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கையை வெளியிட்டார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்த மனித அபிவிருத்திச் சுட்டி அதில்தான் வந்தது. அங்கேயும் இலங்கை வருமான வரிசையில் நின்ற இடத்தைவிட வெகு மேலே போய் நின்றது.

இதைப் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த 82இல் திருகோணமலையும் இருந்தது. மூதூர் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்மாரும், கந்தளாயில் படிப்பித்த வாத்திமாரும், கிண்ணியாவில் முதன்முதலாக எழுதப் படித்த பெண்பிள்ளைகளும் சேர்ந்து உண்டாக்கிய எண் அது. நாங்கள் அதில் பெருமைப்படலாம்.

ஆனால் சராசரி என்பது ஒரு போர்வை மாதிரி. 82 வாங்கிய அதே 1970களில் மலையகத் தோட்டங்களில் குழந்தை இறப்பு தேசிய சராசரியைவிட மிக அதிகமாக இருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம் அது. அவர்களுடைய தேயிலை ஏற்றுமதிக் கணக்கில் முழுமையாக வந்தது. அவர்களுடைய துன்பம் சராசரிக்குள் கரைந்துபோனது. குறைந்தபட்சம் அவர்களைக் கணக்கிலாவது எடுத்தார்கள் என்று சொல்லலாம். அடுத்து நடந்தது கணக்கிலிருந்தே வெளியே விடுவது.

1990இன் மூன்று மாதங்கள்

மார்ச், மே, ஜூன். இந்த மூன்று மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

1990 மார்ச் 24. இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது. மே மாதம், முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கை வெளியானது. ஜூன் மாதம், திரும்பவும் போர் தொடங்கியது. சில வாரங்களுக்குள் இந்த மாவட்டத்தின் ஊர்கள் வெறிச்சோடின. காட்டுக்குள் ஓடியவர்கள், முகாமில் ஒதுங்கியவர்கள், மன்னார் வரை போய்ப் படகேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று சமூகத்திலும் இருக்கிறது.

வாழ்க்கைத் தரத்தைப் பற்றி உலகம் இலங்கையை வைத்துப் பேசிக்கொண்டிருந்த அதே வருடம் இங்கே வாழ்க்கையே இடம்பெயர்ந்துகொண்டிருந்தது.

போர்க்காலத்தில் வந்த புள்ளிவிபர அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். வீட்டு வருமான செலவின மதிப்பாய்வு 1990/91, 1995/96, 2002 ஆகிய வருடங்களில் நடந்தது. மூன்றிலும் வடக்கு கிழக்கு இல்லை. தாய் சேய் நலம், குழந்தை இறப்பு, போசாக்கு பற்றிய குடித்தொகை சுகாதார மதிப்பாய்வு 1987, 1993, 2000 ஆகிய வருடங்களில் நடந்தது. அவற்றிலும் இல்லை. அட்டவணையின் மேலே கொட்டை எழுத்தில் "இலங்கை" என்று இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் வடக்கு கிழக்கு மாகாணங்கள் நீங்கலாக என்று ஒரு குறிப்பு இருக்கும். அந்த அறிக்கையிலிருந்து இன்னொரு அறிக்கைக்கும், அங்கிருந்து பத்திரிகைக்கும், பிறகு மேடைப் பேச்சுக்கும் எண் போகும்போது அடிக்குறிப்பு கழன்று விழுந்துவிடும். எண் மட்டும் மிஞ்சும்.

ஒரு உதாரணம் போதும். 2002இல் நாட்டின் வறுமை 22.7 வீதம். 2006/07இல் 15.2 வீதம். பெரிய இறக்கம், நல்ல செய்தி. ஆனால் 2006/07 மதிப்பாய்வில் கிழக்கின் மற்ற மாவட்டங்கள் உள்ளே வந்தபோதும் வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் வெளியே விடப்பட்டன. அந்த மதிப்பாய்வு நடந்தது 2006 ஜூலை தொடக்கம் 2007 ஜூன் வரை. அந்தக் காலத்தில் இங்கே என்ன நடந்தது? 2006 ஏப்ரலிலேயே சம்பூர்ச் சனம் குண்டுவீச்சில் ஊரை விட்டு ஓடிவிட்டது. ஜூலையில் மாவிலாறு. ஓகஸ்டில் மூதூரில் சண்டை. அங்கிருந்த பல்லாயிரக்கணக்கானோர், பெரும்பாலும் முஸ்லிம்கள், நடந்தே கந்தளாய்ப் பக்கம் போனார்கள். அதே மாதம் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டம்பரில் சம்பூர் இராணுவத்தின் கையில்.

நாடு ஏழ்மையிலிருந்து வேகமாக ஏறிய வருடம் என்று பதிவானது எங்கள் வருடங்களில் மிக மோசமான ஒன்று. எங்களை விட்டுவிட்டுத்தான் அந்தக் கணக்கு.

யாரும் திட்டம் போட்டு மறைத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சண்டைக்குள் படிவத்தோடு வீடு வீடாகப் போக எந்த உத்தியோகத்தராலும் முடியாது. அடிக்குறிப்பை நேர்மையாகப் போட்டதும் அவர்கள்தான். ஆனால் விளைவு ஒன்றுதான். எந்த இடத்தில் வாழ்க்கை மிக மோசமாக இருக்கிறதோ அந்த இடத்தை அளக்க முடியாமல் போகிறது. அளக்காததால் நாட்டின் சராசரி இருப்பதைவிட நன்றாகத் தெரிகிறது. காசை அளந்தாலும் சரி, ஆயுளை அளந்தாலும் சரி, இந்தக் குறை இரண்டுக்கும் பொது.

மகிழ்ச்சியை அளந்த நாடு

"அப்ப காசையும் ஆயுளையும் விட்டுட்டு சந்தோசத்தை அளந்தா என்ன?" என்று கேட்கலாம். அதைச் செய்த நாடு பூட்டான். 1970களில் அரசர் ஜிக்மே சிங்கே வாங்சுக் தொடக்கிவைத்த மொத்தத் தேசிய மகிழ்ச்சி என்ற யோசனை 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே ஏறிவிட்டது. மனநலம், நேரப் பயன்பாடு, சமூக உறவு, பண்பாடு, சுற்றுச்சூழல் என்று ஒன்பது துறைகளில் கேள்வி கேட்டு அளக்கிறார்கள். நல்ல கேள்விகள்தான்.

ஆனால் அதே பூட்டானில் 1988இல் ஒரு குடிசன மதிப்பு நடந்தது. தெற்கில் இருந்த நேபாளி மொழி பேசும் மக்கள் பலரைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று அது வகைப்படுத்தியது. 1990களின் தொடக்கத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, நேபாளத்தின் கிழக்கில் அகதி முகாம்களில் பல வருடங்கள் கிடந்தார்கள். அதன் பிறகுதான் மகிழ்ச்சி மதிப்பாய்வுகள் நடந்தன. முகாமில் இருந்தவர்களிடம் யாரும் அந்தக் கேள்வித்தாளை நீட்டவில்லை.

அளவுகோல் எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரை அளக்கிறோம் என்ற முதல் கேள்வியைக் கேட்காவிட்டால் பிரயோசனம் இல்லை.

இரண்டாவது கேள்வி, எதை அளக்கிறோம் என்பது. வள்ளுவர் 'நாடு' அதிகாரத்தில் ஒரு நாட்டுக்கு அழகு என்று ஐந்தைச் சொல்கிறார்: நோயில்லாமை, செல்வம், விளைச்சல், மகிழ்ச்சி, பாதுகாப்பு. மனித அபிவிருத்திச் சுட்டியில் நோயில்லாமை ஆயுளாக வருகிறது, செல்வம் வருமானமாக வருகிறது. பாதுகாப்பு அதில் இல்லை. இதை மஹ்பூப் உல் ஹக்கே உணர்ந்திருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டு அறிக்கையை முழுக்க முழுக்க மனிதப் பாதுகாப்பு பற்றியே கொண்டுவந்தார். ஆனால் அது பேச்சாகவே நின்றது, சுட்டிக்குள் ஏறவில்லை. இரவில் பயமில்லாமல் படுக்க முடிகிறதா, சொந்தக் காணியில் இருக்க முடிகிறதா, பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வருமா என்பதெல்லாம் செழிப்பின் பகுதி என்று திருகோணமலையில் யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

காணியும் ஆறும்

சம்பூர்ச் சனம் திரும்பிப் போகக் காத்திருந்தது ஒன்பது வருடம். அந்தக் காலத்தில் அவர்களுடைய நிலத்துக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. இந்தியாவோடு சேர்ந்து நிலக்கரி மின் நிலையம், முதலீட்டு வலயம், கடற்படை முகாம். எத்தனை மெகாவாட், எத்தனை ஏக்கர், எத்தனை கோடி டொலர் என்றெல்லாம் பேசினார்கள். கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வளர்ந்த பிள்ளை தன் ஊர்க் கடலைப் பார்க்காமல் போன வருடங்கள் எந்தப் பத்தியிலும் வரவில்லை. 2015இலும் 2016இலும் காணிகள் திரும்பக் கிடைத்தன. நிலக்கரித் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குச் சனத்தின் விடாப்பிடியும் ஒரு காரணம்.

நல்லதும் நடக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அதற்கு முதல் மகாவலி கடலில் விழும் இந்தக் கரையில் ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்குக் காத்துக் கிடக்க வேண்டும். மிதவையைத்தான் எங்கட ஆக்கள் பாதை என்பார்கள். போர்க்காலத்தில் இந்த மாவட்டங்களைப் பிடித்து ஆட்டிய மலேரியா போய்விட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இந்த முறை அந்த எண்ணுக்கு அடிக்குறிப்பு கிடையாது. நாங்களும் உள்ளே இருக்கிறோம்.

ஆனால் 2021 நவம்பர் 23ஐ மறக்க முடியுமா? கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தை உடைத்துப் புதுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடைக்காலத்தில் சனம் மிதவையில்தான் போய் வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் அது கவிழ்ந்தது. மாணவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள்.

இப்போது அந்த நாளைச் சுட்டிகளுக்குள் வைத்துப் பாருங்கள். எழுத்தறிவு வீதத்தில் குறை இல்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பள்ளிச் சேர்வு வீதத்திலும் குறை இல்லை. பாலம் கட்டும் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியைக் கூட்டவும் செய்யும். எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது. வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையில் இருந்த தண்ணீரைத்தான் எந்த எண்ணும் அளக்கவில்லை.

நாங்கள் என்ன செய்யலாம்?

புதிதாக ஒரு சுட்டி கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. சுட்டிகள் நிறைய இருக்கின்றன. 2019 தரவுகளை வைத்து இலங்கை அரசே பல்பரிமாண வறுமையைக் கணக்கிட்டிருக்கிறது. குடிதண்ணீர், சமையல் எரிபொருள், கல்வி, சுகாதாரம் எல்லாம் அதில் வருகின்றன. தேவையானது வாசிக்கத் தெரிவது.

ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் அதன் அடிக்குறிப்பை வாசியுங்கள். எந்த மாவட்டம் நீங்கலாக என்று பாருங்கள். மாவட்டச் சராசரி சொன்னால் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகக் கேளுங்கள். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரிவுகள் இருக்கின்றன. பட்டினமும் சூழலும் பிரிவின் எண்ணும் வெருகலின் எண்ணும் ஒன்றாக இருக்காது. கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். எங்கள் பிரிவில் எத்தனை பிள்ளைகள் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் எழுத அரைமணி நேரம் போதும்.

இந்தத் துறைமுகத்துக்கு வந்த போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், பிரித்தானியர் எல்லோரும் முதலில் அளந்தது தண்ணீரின் ஆழத்தைத்தான். எத்தனை கப்பல் நிற்கும், எத்தனை பீரங்கி வைக்கலாம் என்று பார்த்தார்கள். இன்று வருகிறவர்களும் தாங்கிகளை எண்ணுகிறார்கள். அவர்கள் தேவை அது. எங்கள் தேவை வேறு. அதை வெளியாள் வந்து அளந்து தரமாட்டான்.

இதை எழுதி முடித்து அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 2012இல் எண்ண வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுத்தது அவருக்கு நல்ல ஞாபகம். "எத்தின அறை, எத்தின கதிரை, கிணறு இருக்கா எண்டெல்லாம் கேட்டவ" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எத்தின தரம் ஓடினனீங்க எண்டு கேக்கேல்ல" என்றார்.

அடுத்த முறை யாராவது கேட்கட்டும் என்றுதான் இதை எழுதினேன். கேட்காவிட்டால் நாங்களே கேட்டு எழுதி வைப்போம்.